வந்த வழியா, திரும்பினால் நேரும் ஆபத்தா? புகலிடக் கோரிக்கையில் எதை முதலில் பார்ப்பது?

மருதன்:
அரசியல் கருத்துக்காகச் சொந்த நாட்டு அரசால் தேடப்படும் ஒருவர், போலிக் கடவுச்சீட்டுடன் வேறொரு நாட்டின் விமான நிலையத்தில் வந்திறங்கினால், அவர் எப்படி வந்தார் என்பதைவிட, திரும்பிப் போனால் அவருக்கு என்ன நேரும் என்பதே முதலில் விசாரிக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றுள் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்துடன் அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவரை 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை அகதி என்கிறது. அவரை உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்புவதை அதன் 33-ஆவது பிரிவு தடை செய்கிறது. தன்னைத் தேடும் அரசிடமே போய் அவர் பயண ஆவணம் கேட்க முடியுமா?

வெற்றிவேல்:
மருதன் அவர்களே, சட்டத்தின் ஒரு பாதியை மட்டும் சொல்கிறீர்கள். அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்னும் 31-ஆவது பிரிவு, ஆபத்துள்ள இடத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதமின்றி அதிகாரிகள் முன் நின்று, தக்க காரணம் காட்டுவோருக்கே அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. மூன்று பாதுகாப்பான நாடுகளைக் கடந்து, தாம் விரும்பிய நான்காவது நாட்டில் வந்து நிற்பவர் நல்வாழ்வு தேடி வந்தவராகவும் இருக்கலாம். அது குற்றமன்று, ஆனால் அதற்குரிய வழி குடிவரவுச் சட்டம். பொய்க் கோரிக்கைகள் பெருகப் பெருக, உண்மையாகவே உயிர் தப்பி வந்தவர் மீதும் மக்களுக்கு நம்பிக்கை குறைகிறது. அகதிகளின் பொருட்டே இதைச் சொல்கிறேன்.

யாழினி:
31-ஆவது பிரிவு தண்டனையைப் பற்றியது; ஒருவர் அகதியா இல்லையா என்பதை அது தீர்மானிப்பதில்லை. வழியில் கடந்த முதல் நாட்டிலேயே தஞ்சம் கேட்டாக வேண்டும் என்ற கட்டளை உடன்படிக்கையில் எங்கும் இல்லை. வழியில் சிறிது காலம் தங்கியதாலோ, எங்கே தஞ்சம் கேட்பது என்பதில் ஓரளவு விருப்பம் இருந்ததாலோ அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடாது என்று 1999-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. வெற்றிவேல் அவர்கள் சொல்லும் விதியை எல்லா நாடுகளும் பின்பற்றினால், தொலைவில் உள்ள செல்வ நாடுகளுக்குப் பொறுப்பே இருக்காது. இப்போதே உலக அகதிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் வாழ்கிறார்கள்.

வெற்றிவேல்:
பொறுப்பைப் பகிர்வது பற்றிய உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வந்தவரே ஆபத்தானவராக இருந்தால் என்ன செய்வது? நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று கருதத் தக்க காரணம் உள்ளவருக்கு 33-ஆவது பிரிவின் பாதுகாப்பு இல்லை என்று அதே பிரிவின் இரண்டாம் பத்தி சொல்கிறது. தன் குடிமக்களைக் காப்பது ஓர் அரசின் முதற்கடமை அல்லவா?

மருதன்:
கடமைதான். அந்த விதிவிலக்கையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 1984-ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 3-ஆவது பிரிவில் அப்படிப்பட்ட விதிவிலக்கு ஏதும் இல்லை. சித்திரவதை நேரும் என்று நம்ப வலுவான காரணம் இருந்தால், எவரையும் அனுப்ப முடியாது. பிரிட்டன் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி இந்தியாவுக்கு அனுப்ப முயன்ற சீக்கியர் ஒருவரின் வழக்கில், 1996-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இதையே சொன்னது. நன்றாக நடத்துவோம் என்று எகிப்து கொடுத்த வாக்குறுதியை ஏற்று, தஞ்சம் கேட்ட எகிப்தியர் ஒருவரை 2001-இல் சுவீடன் திருப்பி அனுப்பியது. அந்த வாக்குறுதி போதுமான பாதுகாப்பன்று என்றும், சுவீடன் உடன்படிக்கையை மீறியது என்றும் ஐ.நா. சித்திரவதைத் தடுப்புக் குழு 2005-இல் முடிவு செய்தது. ஆபத்தானவர் மீது வழக்குத் தொடருங்கள், சிறையிலும் அடையுங்கள். சித்திரவதை செய்பவரிடம் ஒப்படைக்காதீர்கள் என்பதே என் கோரிக்கை.

வெற்றிவேல்:
சித்திரவதைக்கு எவரையும் அனுப்பக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால் எவருக்கும் நன்மை இல்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர் நாடு திரும்பத்தான் வேண்டும் என்பதை நீங்களும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

யாழினி:
சொல்கிறேன்: நேர்மையாக விசாரித்து, மேல்முறையீடும் முடிந்த பிறகு, ஆபத்து இல்லை என்று உறுதியானவர் திரும்பத்தான் வேண்டும். விரைவும் நேர்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பெரும்பாலான கோரிக்கைகளை 140 நாட்களுக்குள் முடிக்கும் நோக்கத்துடன் சுவிட்சர்லாந்து 2019-இல் கொண்டுவந்த நடைமுறை, தொடக்கத்திலிருந்தே இலவசச் சட்ட உதவியையும் தருகிறது. ஆனால் விசாரணையே நடத்தாமல் கடலிலிருந்து திருப்பி அனுப்புவதை எந்த விரைவின் பெயராலும் ஏற்க முடியாது. 2009-இல் நடுக்கடலில் இடைமறித்தவர்களை இத்தாலி லிபியாவுக்குத் திருப்பி அனுப்பியது. அவர்களுள் சோமாலியரும் எரித்திரியரும் தொடுத்த வழக்கில், அது மனித உரிமை மீறல் என்று 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களில் எவரிடமும் பெயரும் ஊரும் விசாரிக்கப்படவில்லை. யார் அகதி, யார் அல்லர் என்று அங்கே எவரும் எப்படி முடிவு செய்திருக்க முடியும்?