ஜிஐ பிளீடிங் (இரைப்பை, குடல் ரத்தக்கசிவு): இரவிலேயே எண்டோஸ்கோபியா (வாய்வழி கேமரா குழாய், சுருக்கமாக ஸ்கோப்), காலையிலா?

இரவு_டூட்டி:
58 வயது ஆண். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் எடுப்பவர், இரண்டு நாளாகக் கருப்பு மலம். மயக்கம், லிவர், ஹார்ட் பிரச்சினை இல்லை. வந்தபோது பிரஷர் 104/70, பல்ஸ் 110, ஹீமோகுளோபின் 7.8, யூரியா 84. ஒரு லிட்டர் ரிங்கர் லாக்டேட் போனபின் பிரஷர் 118, பல்ஸ் 92. பிளாட்ச்ஃபோர்டு ஸ்கோர் (ரத்தக்கசிவின் ஆபத்தை அளக்கும் புள்ளி) 15 வருகிறது. மணி இரவு 11. இப்போதே ஸ்கோப் போட ஆள் கூப்பிடுவதா, காலை 8 மணிக்குப் போடலாமா?

ஜிஐ_மதுரை:
ஸ்கோர் 13தான் டாக்டர். அட்டவணை கேட்பது யூரியா நைட்ரஜன், அதாவது யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும். நம் லேப் தருவது யூரியா. 84-ஐ 2.14-ஆல் வகுத்தால் 39. அதற்கு 4 புள்ளிதான், 6 இல்லை. பல வார்டுகளில் நடக்கிற தவறு இது.

13-ம் ஹை ரிஸ்க்தான். ஆனாலும் காலையில் போடலாம். ஹாங்காங்கில் ஸ்கோர் 12-ம் அதற்கு மேலும் உள்ள 516 பேரிடம் செய்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஜிஐ டாக்டரை அழைத்த 6 மணி நேரத்துக்குள் ஸ்கோப் செய்தவர்களில் 30 நாளில் இறந்தது 8.9 சதவீதம், 6 முதல் 24 மணிக்குள் செய்தவர்களில் 6.6. புள்ளியியல்படி இது பெரிய வித்தியாசமில்லை, ஆனால் அவசரப்பட்டதில் லாபமும் இல்லை. சீக்கிரம் உள்ளே போனால் கசியும் புண்ணும் வெளியே தெரியும் ரத்தக்குழாயும் கூடுதலாகக் கண்ணில் படும், ரத்தத்தை நிறுத்தும் கிளிப்பும் கூடுதலாகப் போட வேண்டிவரும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 80 மி.கி. போலஸ் (ஒரே தடவையில்), பிறகு மணிக்கு 8 மி.கி. ஓடட்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஷாக்கிலிருந்து மீளாதவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. ராத்திரி பிரஷர் மறுபடி இறங்கினாலோ ரத்த வாந்தி வந்தாலோ உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

எண்டோ_ரூம்:
7.8 இன்னும் இறங்கும், ஃப்ளூயிட் போயிருக்கிறது. 4 மணி நேரத்தில் திரும்பப் பாருங்கள். 7-க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுங்கள். இதய நோயாளியானால் 8-லேயே. கிராஸ்மேட்ச் (ரத்தம் பொருந்துமா என்ற சோதனை) இப்போதே அனுப்பிவிடுங்கள்.

ஸ்கோப்புக்கு 30 முதல் 90 நிமிடம் முன்பு எரித்ரோமைசின் 250 மி.கி. ஐவி, இரைப்பையைச் சுருங்கவைத்துக் காலியாக்கும். முதலில் இசிஜியில் க்யூடி (இதய மின்னோட்டத்தின் ஓர் இடைவெளி) நீளமா என்று பாருங்கள். எரித்ரோமைசின் போடாவிட்டால் இடப்பக்கம் சாய்ந்து படுத்தவருக்கு ரத்தக்கட்டி முழுவதும் ஃபண்டஸில் (இரைப்பையின் மேல்பகுதி) தேங்கி, அடியில் உள்ள புண்ணை மறைத்துவிடும். அப்படி ஆனால் தலைப்பக்கத்தை உயர்த்தி, வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள், கட்டி நகரும். ரத்தக்கசிவைக் குறைக்கத் தரும் டிரானெக்சாமிக் ஆசிட் வேண்டாம்: 12,009 பேரிடம் பார்த்தும் உயிரிழப்பு குறையவில்லை, சிரை ரத்த உறைவுதான் கூடியது.

லிவர்_வார்டு:
இதே ஆளுக்கு வயிற்றில் நீரோ மஞ்சள் காமாலையோ இருந்தால் கணக்கு வேறு. வேரிசஸ் (லிவர் நோயில் உணவுக்குழாயில் புடைக்கும் சிரைகள்) என்று சந்தேகித்த உடனே ரத்தக்குழாயைச் சுருக்கும் டெர்லிபிரசின் 2 மி.கி. 4 மணி நேரத்துக்கொரு முறை, ஆன்டிபயாடிக் செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம். நிலைப்படுத்திவிட்டு, வந்த 12 மணி நேரத்துக்குள் ஸ்கோப். ரத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றினால் போர்ட்டல் பிரஷர் (குடலிலிருந்து லிவருக்குப் போகும் சிரையின் அழுத்தம்) ஏறி மறுபடி கொட்டும். நினைவு தடுமாறினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ, முதலில் டியூப் போட்டு மூச்சுக்குழாயைக் காப்பாற்றிவிட்டே ஸ்கோப்பை எடுங்கள்.