புது ஸ்பிளெண்டர், 180 கி.மீ. ஓடியிருக்கிறது: இரண்டு பேராகக் கொடைக்கானல் ஏறலாமா?

திண்டுக்கல் செல்வா:
வணக்கம் நண்பர்களே. போன வாரம்தான் ஸ்பிளெண்டர் பிளஸ் எடுத்தேன், என் சொந்தக் காசில் வாங்கும் முதல் வண்டி. ஷோரூமில் "40-க்கு மேல போகாதீங்க" என்று ஒரே வரியில் சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணனோ, ஆரம்பத்திலேயே நன்றாக முறுக்கி ஓட்டினால்தான் இன்ஜின் ஃப்ரீ ஆகும், இல்லாவிட்டால் கடைசி வரை பிக்கப் இருக்காது என்கிறார். எதை நம்புவது? இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டரும் இந்த வண்டியில் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகலாம் என்று ஆசை. வேகம் 40-ஐத் தாண்டாமல் போனால் சரிதானே?

ரீபோர் கடை:
வாழ்த்துகள் தம்பி. 40 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். டாப் கியரில் 25-இல் முக்கிக்கொண்டு போகிற வண்டி, மூன்றாவது கியரில் 40-இல் போகிற வண்டியைவிட அதிகமாகக் கஷ்டப்படும். இன்ஜின் மேல் ஏறுகிற பாரம்தான் கணக்கு.

எங்கள் கடைக்கு வந்தால் ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் உரசிச் சீராக்குவது) முடிந்த போரை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்புறத்தை, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுவேன். கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும், நகத்தால் தடவினால் லேசாகச் சொரசொரப்பு தெரியும். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் புது ரிங் அந்தச் சொரசொரப்பின் மேல் ஓடி ஓடி, இரண்டும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பொருந்த வேண்டும். ஆக்சிலேட்டரைத் திறக்கும்போது எரியும் வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைப் போர்ச் சுவரோடு அழுத்தும், மூடும்போது அந்த அழுத்தம் விடும். ஆகவே கொஞ்சம் திறப்பது, மூடுவது, கியர் மாற்றுவது, மறுபடி திறப்பது என்று ஏற்ற இறக்கமாக ஓட்டுங்கள். நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு போவது இந்தச் சமயத்தில் நல்லதல்ல, ஆமை மாதிரி 30-இலேயே உருட்டுவதும் நல்லதல்ல. மீட்டர் இல்லாவிட்டால் என்ன, காது இருக்கிறதே. இன்ஜின் முனகினால் கியரைக் குறையுங்கள், கத்தினால் கியரைக் கூட்டுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெறுமனே ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம். அரை நிமிடம் விட்டு, முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போனாலே சூடு ஏறிவிடும்.

மலைப்பாதைப் பயணி:
கொடைக்கானலை மட்டும் தள்ளிப் போடுங்கள் சகோ, நான் பட்டிருக்கிறேன். பத்து வருடத்துக்கு முன்பு, வேறொரு கம்பெனியின் 100 சிசி வண்டி, 200 கி.மீ. கூட ஆகவில்லை, நானும் நண்பனும் கொடைக்கானல் ஏறினோம். வேகம் 30-ஐத் தாண்டவில்லை என்பதால் எல்லாம் சரியாகச் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மலை அடிவாரத்திலிருந்து மேலே வரை இரண்டாவது கியர், முக்கால்வாசி ஆக்சிலேட்டர், காற்றில் ஆறும் இன்ஜினுக்குப் போதுமான காற்றும் இல்லை. வெள்ளி அருவி பக்கத்தில் நிறுத்தியபோது இன்ஜினிலிருந்து வந்த அனல் பேண்ட்டைத் தாண்டிக் காலில் அடித்தது. அதற்குப் பிறகு அந்த வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்து, 20,000 கி.மீ.க்குள் ஹாஃப் இன்ஜின் வேலை (பிஸ்டன், ரிங், போர் பகுதியைப் பிரித்துச் சரிசெய்வது) வந்தது. அந்த ஒரு பயணத்தால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனாலும் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

இன்னொன்று, புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும், பிரேக் ஷூவும் இன்னும் முழுதாகப் பதிந்திருக்காது. பின்னால் மனைவியை வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் இந்த இரண்டையும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ட்ராக் கார்த்தி:
பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதை முழுசாகத் தள்ளவும் முடியாது. ரிங் உட்கார அழுத்தம் வேண்டும், அது உட்காருவதும் ஆரம்ப கிலோமீட்டர்களில்தான். இப்போதைய போர் ஃபினிஷிங் பழைய காலத்தைவிட எவ்வளவோ நேர்த்தி. நான் என் வண்டிகளைச் சூடான பிறகு முக்கால் வரை திறந்து, உடனே மூடி, இன்ஜின் பிரேக்கிங்கில் (பிரேக் பிடிக்காமல், இன்ஜினின் இழுப்பிலேயே) வேகத்தை இறக்கி அப்படித்தான் பழக்கினேன், ஒன்றும் ஆகவில்லை.

ரீபோர் கடை:
கார்த்தி, நீங்கள் சொல்வது சில விநாடி திறந்து மூடுவது, அதில் எனக்கும் மறுப்பு இல்லை. மலை ஏறும்போது அந்த 'மூடுவது' கிடைக்காதே, மணிக்கணக்காகத் திறந்தே அல்லவா இருக்கும். 97.2 சிசி வண்டி, சுமார் 8 குதிரைசக்தி, அதில் இரண்டு பேர்.

செல்வா, முதல் சர்வீஸை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் வண்டிக்கு 500-இலிருந்து 750 கி.மீ.க்குள், இல்லையென்றால் 60 நாளுக்குள். தேய்ந்து வரும் இரும்புத் துகளெல்லாம் அந்த ஆயிலில்தான் மிதக்கும். டாப்-அப் செய்து அனுப்பப் பார்த்தால் விடாதீர்கள், பக்கத்திலேயே நின்று பழைய ஆயிலை முழுசாக இறக்கச் சொல்லுங்கள். புது ஆயில் 10டபிள்யூ30 என்ற கெட்டித்தன்மை கொண்டதாக இருக்க வேண்டும், டப்பாவில் ஜாசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தர முத்திரை) என்று போட்டிருக்க வேண்டும். கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது, கார் ஆயில் ஊற்றினால் வழுக்க ஆரம்பித்துவிடும். புதுச் செயின் சீக்கிரம் தளரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

திண்டுக்கல் செல்வா:
எல்லோருக்கும் நன்றி. அந்த ஞாயிறு பஸ்ஸிலேயே போய்விட்டு வந்தோம். வண்டியை நத்தம் ரோட்டில் கியர் மாற்றி மாற்றி ஓட்டினேன், நேற்று 590-இல் சர்வீஸ் விட்டேன். பக்கத்தில் நின்றே பார்த்தேன். ட்ரேயில் விழுந்த ஆயிலை வெயிலில் சாய்த்தபோது உள்ளே வெள்ளிப் பொடி தூவியது போல மினுமினுத்தது, பயந்தே போய்விட்டேன். இது இயல்புதானா?

ரீபோர் கடை:
முதல் ஆயிலில் அந்த மினுமினுப்பு இருக்கத்தான் செய்யும். அடுத்த முறை இறக்கும்போது பாருங்கள், வெகுவாகக் குறைந்திருக்கும். விரலில் குத்துகிற மாதிரி துண்டு ஏதாவது வந்தால் மட்டும் வண்டியை எடுக்காமல் அங்கேயே காட்டுங்கள். கொடைக்கானலுக்கு 1000 தாண்டியதும் போங்கள், ஏறும்போது இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டு.