‘மாங்கே’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனிக் கணக்கர் ஒருவரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்கிறேனுங்க. அவரை ‘பொயட் மாங்கே’ (poet manqué) என்கிறார்கள்; பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல்லுங்க. ‘தோற்ற கவிஞர்’ எனப் போடலாமுங்களா?

பதில் 1: வேண்டாமுங்க, அது அவருக்குச் செய்யும் அநியாயம். தோற்றவர் என்றால் களத்தில் இறங்கி விழுந்தவர். மாங்கே என்றால் உள்ளுக்குள் கவிஞர்தான், பிழைப்பு வேறு பக்கம் இழுத்துட்டுப் போயிருச்சு. ‘தவறவிடு, குறைபடு’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல். அங்கே பெயருக்குப் பின்னால் நிற்கும், தமிழில் அடை முன்னால் வரணும். அதனால் தொடரையே மாற்றுங்க: ‘கவிஞராகியிருக்க வேண்டியவர்’. பேச்சு நடையென்றால், ‘கவிஞராயிருக்கோணும், கணக்கெழுதப் போயிட்டாரு.’

பதில் 2: அண்ணன் சொன்னதில் ‘இருக்க’ முக்கியமுங்க. ‘கவிஞராக வேண்டியவர்’ என்று சுருக்கினால் இனிமேல்தான் ஆகப்போகிறார் என்று படும். இன்னொன்று, ‘கார்சோன் மாங்கே’ வந்தால் இந்தப் பொருளை ஒட்டிவிடாதீங்க. அது பையன் மாதிரித் திரியும் பெண்பிள்ளையைக் குறிக்கும்.

பதில் 3: பெண்ணைச் சொல்லும்போது பிரெஞ்சில் எழுத்து ஒன்று கூடும், ஒலி மாறாது. தமிழில் இருபாலுக்கும் ‘மாங்கே’ போதுமுங்க.