தன் முகத்திலேயே கரி பூசிக்கொண்ட பாடகர்: பெர்ட் வில்லியம்ஸ் குறித்து ஒரு கேள்வி

திருமங்கலத்து வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க மேடைப் பாடகரும் நகைச்சுவை நடிகருமான பெர்ட் வில்லியம்ஸ் குறித்து எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் இருபது நிமிடம் பேச வேண்டியிருக்கிறது. அவர் 1874இல் பஹாமாசின் நாசோ நகரில் பிறந்த கறுப்பினத்தவர் என்பதையும், தன் மேடை வாழ்வின் பெரும்பகுதியில் கறுப்பு மையைப் பூசிக்கொண்டுதான் மேடையேறினார் என்பதையும் படித்தேன். வெள்ளைக்காரர்கள் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்ததன் காரணம் புரிகிறது. கறுப்பரே ஏன் பூசிக்கொள்ள வேண்டும்? எங்கள் ஊரில் வாழ்ந்த நாடக நடிகர் தியாகி விசுவநாததாசைப் போல இவரும் மேடையிலேயே உயிர்விட்டார் என்கிறார்களே, அது உண்மைதானா?

மேலமாசி வீதி எழுதியது:

முதல் கேள்விக்கு விடை, அன்றைய ரசிகர்களின் பழக்கத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வெள்ளை நடிகர்கள் சுட்ட தக்கையின் கரியைக் குழைத்துப் பூசிக்கொண்டு ஆடிய ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து, ‘கறுப்பன்’ என்றால் மேடையில் அப்படித்தான் இருப்பான் என்று மக்கள் நம்பிவிட்டனர். வில்லியம்ஸ் உயரமானவர், நிறம் சற்று வெளுத்தவர், நன்றாகப் படிப்பவர். அந்தத் தோற்றத்துடன் வந்தால் மேடைக் கறுப்பனாக அவரை எவரும் ஏற்கமாட்டார்கள். டெட்ராயிட் நகரில் ஒரு நாள் கரியைப் பூசிக்கொண்டு ஒரு வேடிக்கைப் பாட்டைப் பாடியபோது கிடைத்த வரவேற்பு தன்னையே திகைக்க வைத்ததாக அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். தன்னை வேறொரு மனிதனாகப் பார்க்க முடிந்த பிறகுதான் தனக்கு நகைச்சுவை உணர்வு வளர்ந்தது என்பது அவருடைய சொந்தக் கூற்று. ஆகவே அந்தக் கரியை வெறும் அடிமைச் சின்னமாக மட்டும் காட்டிவிட்டால், அவருடைய கலையில் பாதியை விட்டுவிடுவீர்கள். அமெரிக்கக் கறுப்பர்களின் கொச்சைப் பேச்சைக்கூட, கலிபோர்னியாவில் வளர்ந்த அவர் அயல்மொழி ஒன்றைக் கற்பதுபோல் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்.

இனி மேடை வாழ்க்கைக்கு வருகிறேன். 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் வாக்கரைச் சந்தித்தார்; வாக்கர் மிடுக்காக உடுத்தி வாய்ச்சவடால் பேசுபவராகவும், இவர் பெரிய செருப்பை இழுத்துக்கொண்டு வரும் அப்பாவியாகவும் அமைந்த ஜோடி அது. 1903 பிப்ரவரியில் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறிய ‘இன் டஹோமி’தான் உங்கள் உரையின் நடுப்பகுதியாக இருக்க வேண்டும். ஜெஸ்ஸி ஷிப் வசனம் எழுத, பால் லாரன்ஸ் டன்பார் பாடல்கள் எழுத, வில் மரியன் குக் இசையமைத்த இந்த நாடகம், கறுப்பர்களே எழுதிக் கறுப்பர்களே நடித்த முழுநீள இசை நாடகமாகப் பிராட்வேயின் பெரிய அரங்கு ஒன்றில் ஏறிய முதல் நாடகம். அங்கே 53 காட்சிகள்தான் ஓடியது. ஆனால் அதே ஆண்டு லண்டனுக்குச் சென்று மாதக்கணக்கில் ஓடி, ஜூன் மாதத்தில் பக்கிங்ஹாம் அரண்மனையிலும் ஆடப்பட்டது. அரண்மனையில் ஆடிய அதே குழு, நியூயார்க்கில் ஆடியபோது கறுப்பின ரசிகர்கள் மேல்மாடத்தில் மட்டுமே உட்கார அனுமதிக்கப்பட்டனர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1909இல் வாக்கர் நோயுற்று மேடையை விட்டார், 1911இல் இறந்தார். தனித்து நின்ற வில்லியம்ஸ், 1910இல் தயாரிப்பாளர் சீக்ஃபெல்ட் நடத்திய ‘ஃபாலீஸ்’ என்ற ஆடல் பாடல் நிகழ்ச்சியில் சேர்ந்து, இடையில் ஓரிரு ஆண்டுகள் நீங்கலாக 1919 வரை ஆடினார். உடன் நடித்த வெள்ளையர் சிலர் எதிர்த்தும் சீக்ஃபெல்ட் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் வெள்ளைப் பெண்ணொருத்தியுடன் அவர் மேடையில் தனியாக நிற்பதில்லை என்ற ஏற்பாடு இருந்தது.

ஆர்மோனியக்காரர் மகன், மேலூர் எழுதியது:

தம்பி, எங்கள் தகப்பனார் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அதனால் எனக்கு இதில் வேறொன்று தோன்றுகிறது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தில், ராஜபார்ட் (கதாநாயகன்) வருவதற்கு வெகுநேரம் முன்பே பபூன் (கோமாளி) தனியாக வந்து நின்று, இரைந்துகொண்டிருக்கும் கூட்டத்தைத் தன் வசப்படுத்த வேண்டும். கத்திப் பேசும் பபூனை விட, பேசாமல் ஒரு கணம் நின்று கூட்டத்தைப் பார்க்கும் பபூனுக்கே அது எளிதில் கைகூடும் என்பார் அப்பா. வில்லியம்சின் புகழ்பெற்ற சீட்டாட்டக் காட்சியில் ஒரு சொல்லும் கிடையாது. எதிரே இல்லாத ஆட்டக்காரர்களையெல்லாம் தன் முகபாவத்தாலேயே உட்கார்த்தி வைத்துவிடுவார். 1916இல் எடுத்த மௌனப் படம் ஒன்றில் அது பதிவாகியிருக்கிறது. அதைத் திரையிட்டுவிட்டு நீங்களும் சிறிது நேரம் பேசாமல் இருங்கள்.

‘நோபடி’ பாட்டையும் கேளுங்கள். ‘ஒருவருமில்லை’ என்பதுதான் அதன் பொருள். 1906இல் கொலம்பியா இசைத்தட்டில் வந்தது. பாதியைப் பேசி, பாதியை இழுத்துப் பாடி, டிராம்போன் என்ற ஊதுகருவி பின்னால் முனகிக்கொண்டிருக்க, தனக்கு உதவியவர் யார் யார் என்று கேட்டுக்கொண்டே போகிறார். தாளத்தைக் காக்க வைத்துப் பாடுவது எவ்வளவு கடினம் என்பது பின்பாட்டுக்காரருக்குத் தெரியும். நம் ஊரில் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டுப் பாடகனை விடாமல் பிடித்து வைப்பதைப் போலவே, அங்கேயும் இந்தப் பாட்டைக் கேட்காமல் அவரை விடமாட்டார்களாம். ஏழு ஆண்டுகள் பாடி அலுத்துப்போய், இதை எழுதியவனையும் மெட்டமைத்தவனையும் கழுத்தை நெரித்திருக்கலாம் என்று அவர் எழுதினார். மெட்டமைத்தவர் அவரேதான்!

திருமங்கலத்து வாசகன் எழுதியது:

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. வெள்ளைப் பெண்ணுடன் தனியாக நிற்பதில்லை என்ற செய்தியைப் படித்ததும் எனக்கு மீண்டும் விசுவநாததாசின் நினைவே வந்தது. அவர் மருத்துவர் (நாவிதர்) சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக, சில நடிகைகள் அவருக்கு ஜோடியாக மேடையேற மறுத்தார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இருவரையும் ஒப்பிட்டு உரையை முடிக்கலாமா?

மேலமாசி வீதி எழுதியது:

ஒப்பிடலாம், ஆனால் இறப்பை வைத்து ஒப்பிட வேண்டாம். விசுவநாததாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே மேடையில் உயிர்நீத்தார். வில்லியம்ஸ் 1922 பிப்ரவரி இறுதியில் டெட்ராயிட் மேடையில் நிமோனியாவுடன் ஆடித் தளர்ந்து விழுந்தார். நியூயார்க்கிற்குக் கொண்டுவரப்பட்டு, மார்ச் 4 அன்று தம் 47ஆம் வயதில் காலமானார். இன்னொரு வேறுபாடும் உண்டு. தாஸ் மேடையில் நின்று வெள்ளை அரசை நேரடியாக எதிர்த்துப் பாடிச் சிறை சென்றவர். வில்லியம்ஸ் மேடையில் அப்படி எதுவும் பேசவில்லை. 1918இல் எழுதிய கட்டுரையில்தான், கறுப்பனாக இருப்பதில் இழிவு எதையும் தான் கண்டதில்லை என்றும், ஆனால் அமெரிக்காவில் அது அடிக்கடி வசதிக்குறைவாக இருந்திருக்கிறது என்றும் எழுதினார். அந்த ‘வசதிக்குறைவு’ என்ற சொல்லை அவர் மேடையில் எப்படி இழுத்துச் சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டு, அதே நிதானத்தில் வாசியுங்கள்.