மேப்பிள் இலைகளைக் காப்பது எப்படி?

கேள்வி: டொராண்டோவில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், வகுப்பில் ஒட்டுவதற்காகப் பை நிறைய மேப்பிள் இலைகள் பொறுக்கி வந்தாள். இரண்டே நாளில் எல்லாம் சுருண்டு நொறுங்கிவிட்டன. அழுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: ஈரத்தைத் துடைத்து, செய்தித்தாளுக்கு இடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டும்.

பதில்: நான் ஆசிரியை. இலையை இரண்டு மெழுகுத்தாள்களுக்கு நடுவே வைத்து, துணி விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரி போடுவேன். ஜன்னலில் ஒட்டினால் வெயிலில் நரம்பெல்லாம் தெரியும். இந்த இலையுதிர்காலத்தில் தெரியும் மஞ்சள் நிறம் கோடையிலும் இலைக்குள் இருப்பதுதான், பச்சையம் சிதைந்ததும் வெளிப்படுகிறது. சிவப்போ இப்போதுதான் உருவாகிறது. இதையும் அவளிடம் சொல்லுங்கள் அம்மா.

கேட்டவர்: மிக்க நன்றி டீச்சர். மறுபடியும் பொறுக்கி வந்து இஸ்திரி போட்டோம். ஓரம் கிழிந்த ஒரு சிவப்பு இலையைத்தான் முதலில் எடுத்தாள்.