மரவள்ளிச் சர்க்கரையில் லைசின்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் உயிரித்தொழில்நுட்பம் முதுநிலை இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் ஆத்தூர்ப் பக்கம் காடெல்லாம் மரவள்ளி. அடுத்த மாவட்டமான நாமக்கல்லில் கோழித் தீவனத்துக்கு லைசின் என்ற அமினோ அமிலம் வேண்டும், மக்காச்சோளத்தில் அது குறைவு. இந்த இரண்டையும் இணைத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஜப்பானில் 1950களில் கண்டெடுத்த கோரினேபாக்டீரியம் குளுட்டாமிக்கம் என்ற பாக்டீரியாவைத்தான் நான் வளர்க்கிறேன். இயல்பில் அது தன் தேவைக்கு மேல் லைசின் செய்யாது. லைசினும் திரியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் சேர்ந்து பெருகியதும், லைசின் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் அஸ்பார்ட்டோகைனேஸ் நொதியை முடக்கிவிடும். அந்த நொதியின் 311ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் ஐசோலூசின் வரும்படி மரபணுவை மாற்றினால் முடக்கம் தளர்ந்துவிடும். என்னிடம் இருப்பது அப்படி மாற்றிய வகை.

குளுக்கோஸில் நன்றாகவே சுரக்கிறது. மரவள்ளி மாவை, மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளான அமைலேஸும் குளுக்கோஅமைலேஸும் கொண்டு சர்க்கரையாக்கி ஊற்றினால்தான் லைசின் பாதியாகிறது. குடுவையைத் தூக்கிப் பார்த்தேன். கரைசல் கஞ்சிபோல் கொழகொழவென்று இருக்கிறது. அமிலத்தை அடக்கப் போட்ட கால்சியம் கார்பனேட் அடியில் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. காற்று போதாமல் லாக்டிக் அமிலம் சேர்கிறது என்றே நினைக்கிறேன்.

இந்தக் கொழகொழப்பை எப்படிக் குறைப்பது? வடிகட்டினால் போதுமா, நொதியைக் கூட்ட வேண்டுமா? சேலம் பக்கம் லாக்டிக் அமிலம் அளந்து தரும் ஆய்வகம் இருந்தாலும் சொல்லுங்கள். ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்த பெரியவர்களின் அனுபவமும் எனக்கு மிகவும் தேவை.