கனடாவில் இருக்கும் அண்ணனின் பிட்காயினை ரூபாயாக்கி இங்கே தோப்பு வாங்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசி

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே குடியிருக்கிறோம். அப்பா காலத்திலிருந்தே தென்னையும் கொஞ்சம் காய்கறியும்தான் தொழில். விளைவதை வேலந்தாவளம் சந்தையில் போட்டு வருகிறோம். என் அண்ணன் நெடுங்காலமாகக் கனடாவில் பணியாற்றுகிறார். சென்ற ஆண்டு அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

இப்போது எங்கள் தோப்பை ஒட்டியே இரண்டு ஏக்கர் விலைக்கு வந்திருக்கிறது. கிணறும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதால் விட மனமில்லை. அண்ணனிடம் பல ஆண்டுகளாகச் சேர்த்த பிட்காயின் உள்ளது. அதை அமெரிக்க டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் கிரிப்டோ நாணயமான யுஎஸ்டிடியாக மாற்றி என் வாலட்டுக்கு அனுப்புவதாகவும், நான் அதைப் பி-டு-பி முறையில் இங்கே ஆள் பார்த்து விற்று, நிலத்தை என் பெயரில் ஆதாரம் (கிரயப் பத்திரம்) எழுதிக்கொள்ள வேண்டும் என்றும், அவர் ஊர் திரும்பும் காலத்தில் பாதியை அவருக்கு மாற்றிக் கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறார். வங்கி வழியாக அனுப்பினால் கட்டணம் போகும், வரி போகும், கேள்வியும் வரும் என்று அவருடைய நண்பர்கள் கூறியிருக்கிறார்கள்.

இது சட்டப்படி சரிதானா? அவர் வெளிநாட்டுக் குடிமகன் ஆகிவிட்டதால் ஏதேனும் மாறுமா? நானும் இந்தியச் செயலி ஒன்றில் மாதந்தோறும் சிறு தொகைக்குப் பிட்காயின் வாங்கி வருகிறேன். அதையும் இதையும் சேர்த்துக் காட்ட வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஏடும் கணக்கும்

கோயம்புத்தூரில் வரி ஆலோசனைத் தொழிலில் இருக்கிறேன். வாளையாருக்கு அந்தப் பக்கமிருந்து வரும் குடும்பங்களின் கணக்குகளையும் பார்க்கிறேன். நாணயத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நிலத்தைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது. உங்கள் அண்ணனின் திட்டம் முதலில் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் அதுதான்.

ஃபெமா எனப்படும் 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2019இல் வந்த விதிகளின்படி, வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டைதாரரும் இந்தியாவில் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றை மட்டும் விலை கொடுத்து வாங்க இயலாது. எனவே அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டோடு கனடாவில் இருந்த காலத்திலும் இந்தத் தோப்பை வாங்கியிருக்க முடியாது. அந்த வகையில் குடியுரிமை மாற்றத்தால் புதிதாக எதுவும் பறிபோய்விடவில்லை. அப்பாவின் தோப்பில் அவருக்குரிய பங்கு வாரிசுரிமையாக வருவதற்குத் தடை இல்லை. ஆனால் நீங்கள் வாங்கி வைத்துப் பாதியைப் பிறகு எழுதிக் கொடுப்பது வாரிசுரிமை ஆகாது. விவசாய நிலத்தைத் தானமாகக்கூட அவருக்குக் கொடுக்க விதிகள் இடம் தரவில்லை. ஓசிஐ அட்டைதாரரின் உரிமைகளை வரையறுத்த 2021 மார்ச் 4ஆம் நாள் அறிவிக்கையும் விவசாய நிலத்தை விலக்கியே வைத்திருக்கிறது.

இதைவிடக் கடுமையானது பினாமிச் சட்டம். பணம் ஒருவருடையது, பத்திரம் இன்னொருவர் பெயரில், பயன் பிறகு பணம் கொடுத்தவருக்கு என்ற ஏற்பாட்டைத்தான் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் பினாமிப் பரிவர்த்தனை என்கின்றன. உடன்பிறந்தவருக்கு அதில் ஒரு விலக்கு உண்டு என்று யாரேனும் உங்களிடம் சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் பத்திரத்தில் இருவர் பெயரும் கூட்டு உரிமையாளர்களாக இருக்க வேண்டும், பணமும் கணக்குக் காட்டக்கூடிய வழியில் வந்திருக்க வேண்டும் என்பவை அந்த விலக்கின் நிபந்தனைகள். கூட்டாக எழுத ஃபெமா விடாது. தனியாக எழுதினால் விலக்குப் பொருந்தாது. குற்றம் உறுதியானால் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவலும், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் உண்டு. நிலமும் அரசுக்குப் போகும். இரண்டு ஏக்கருக்காக அண்ணன் தம்பி இருவரும் இந்த நிலைக்கு ஆளாக வேண்டாம் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நேரான வழி ஒன்று இருக்கிறது. அண்ணன் உங்களுக்குப் பணத்தை உண்மையான நன்கொடையாகக் கொடுக்கலாம். உடன்பிறந்தவரிடமிருந்து பெறும் நன்கொடைக்கு, தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், பெறுபவருக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அவர் தம் பிட்காயினைக் கனடாவிலேயே விற்று, டாலராக்கி, தம் வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும். தனிப்பட்ட நன்கொடை என்று நோக்கத்தைக் குறிப்பிட்டு, ஒரு நன்கொடைக் கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பட்டும். அந்நியப் பணம் வந்ததற்கான சான்றை உங்கள் வங்கியிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வாங்கும் தோப்பு முழுமையாக உங்களுடையது, பாதியைத் திருப்பித் தரும் பேச்சு வாய்மொழியாகக்கூட இருக்கக் கூடாது. இதற்கு அண்ணனின் மனம் ஒப்புமா என்பதைச் சட்டத்தால் தீர்க்க முடியாது. நீங்கள் இருவரும் அமர்ந்து பேச வேண்டியது அது. ஒப்பவில்லை என்றால் அவர் பெயரிலேயே சித்தூரிலோ கோவையிலோ ஒரு வீடு வாங்குவது அவருக்கும் உரிமையுள்ள சொத்தாக நிற்கும்.

விலைப் பணத்தை விற்பவரிடம் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விற்பவர் தலையில் விழும்.

பதில் 2: சந்தைக்காரர்

ஏடும் கணக்கும் அவர்கள் பி-டு-பி விற்பனையைத் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் கண்ட ஒன்றை எழுதுகிறேன்.

காய்கறி மண்டி வைத்திருக்கும் ஒருவர், தம்மிடமிருந்த யுஎஸ்டிடியைச் செயலியில் அறிமுகமான ஒருவருக்கு விற்றார். பேசிய தொகை யுபிஐ வழியாகச் சரியாக வந்து சேர்ந்தது. அவரும் நாணயத்தை விடுவித்துவிட்டார். சில வாரங்கள் கழித்து, தக்காளி ஏற்றி வந்த வண்டிக்காரருக்குப் பணம் அனுப்ப முயன்றபோது அனுப்ப முடியவில்லை. கைப்பேசியில் இருப்புத் தொகை முழுவதும் தெரிகிறது, எடுக்க மட்டும் வழியில்லை. வங்கியில் போய்க் கேட்டபோது, வடமாநிலக் காவல் நிலையம் ஒன்றின் பெயரும் ஒரு புகார் எண்ணும் எழுதிய துண்டுக் காகிதத்தைக் கொடுத்து, அங்கே பேசிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நடந்தது இதுதான்: யாரோ ஒரு மூதாட்டியிடம் இணையவழியில் ஏமாற்றிப் பறித்த பணம் இரண்டு மூன்று கணக்குகள் தாண்டி, நாணயத்துக்கான விலையாக இவருடைய கணக்கில் வந்து இறங்கியிருக்கிறது. இணையவழி மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் பதிவானதும், பணம் போன தடத்தில் இருந்த கணக்குகள் வரிசையாக முடக்கப்பட்டன. மண்டிக்காரருக்குக் குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லை. இருந்தும் விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணம் முழுவதும் அந்தக் கணக்கிலேயே மாட்டிக்கொண்டது.

2023இல் கேரள உயர் நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்குகளில் காவல்துறை குறிப்பிடும் தொகைக்கு மட்டும் முடக்கத்தைச் சுருக்கி, மீதியைக் கணக்குதாரர் பயன்படுத்த விட வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அது பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எர்ணாகுளத்துக்கு வழக்கறிஞரைத் தேடிப் போக வேண்டிய நிலை ஒரு சிறு வியாபாரிக்கு வரலாமா? கேள்வி கேட்டவர் இரண்டு ஏக்கருக்கான தொகையைப் பி-டு-பியில் விற்கப் போகிறார் என்றால் ஒரே ஆளிடம் விற்க முடியாது, பல பேரிடம் பல நாள் விற்க வேண்டும். ஒருவருடைய பணத்தில் கறை இருந்தால் போதும், முன்பணம் கொடுத்துக் கெடு வைத்த நேரத்தில் கணக்கு முடங்கும்.

நம் பக்கத்தில் குழல்பணம், அதாவது ஹவாலா பணம், என்றால் எல்லோருக்கும் தெரியும், வாளையாரில் வண்டியை நிறுத்திப் பார்ப்பதும் தெரியும். நோட்டுக் கட்டு இல்லாமல் கைப்பேசி வழியே வருவதால் இது வேறு என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். வங்கி, வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்களுடன் செய்துகொண்ட ரூபாய் வரவு ஏற்பாடு, பணப் பரிமாற்ற நிறுவனங்கள் ஆகியவையே வெளிநாட்டிலிருந்து குடும்பத்துக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதித்த வழிகள். யுஎஸ்டிடி அந்த வரிசையில் இல்லை.

பதில் 3: டொரண்டோ கொங்கன்

நான் பொள்ளாச்சிக்காரன், கனடாவில் வசிக்கிறேன். வரி மிச்சமாகும் என்று அண்ணனுக்கு அவருடைய நண்பர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணமே தவறான அடித்தளத்தில் நிற்கிறது. கனடாவின் வரித்துறை கிரிப்டோவைச் சரக்காகக் கருதுகிறது. பிட்காயினை டாலருக்கு விற்றாலும், அதைக் கொடுத்து யுஎஸ்டிடி வாங்கினாலும், தம்பிக்குப் பரிசாகவே அனுப்பினாலும், மூன்றும் கைமாற்றம்தான். அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகவே கொண்டு, முதலீடாக வைத்திருந்தவரென்றால் மூலதன ஆதாயத்தில் பாதியை அவருடைய வருமானத்தில் சேர்த்து வரி கட்ட வேண்டும். ஆக, யுஎஸ்டிடியாக அனுப்புவதால் அவருக்கு இங்கே ஒரு டாலர்கூட வரி குறையாது. இங்கேயே விற்று, வரியைக் கட்டி, மீதியை வங்கி வழியாக அனுப்பினால் கையில் முறையான கணக்கு இருக்கும். அனுப்பும் கட்டணத்துக்காகத் தயங்குகிறார் என்றால், நிறுவனத்துக்கு நிறுவனம் விகிதம் வேறுபடுகிறது. இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பி-டு-பி யோசனையைக் கைவிட்டுவிட்டோம். இதையெல்லாம் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். நன்கொடையாகவே அனுப்பிவிடுகிறேன், தோப்பு உனக்கே இருக்கட்டும், அம்மா இருக்கும் வீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள். எனக்கு இங்குள்ள கூட்டுறவுச் சங்கத்தில்தான் கணக்கு. அதிலேயே பணம் வருமா? என்னுடைய சிறு பிட்காயின் சேமிப்பை என்ன செய்வது?

பதில் 4: ஏடும் கணக்கும்

அண்ணன் எடுத்த முடிவு எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது.

உங்கள் சேமிப்பை முதலில் பார்ப்போம். விற்காமல் வைத்திருக்கும் வரை வரி இல்லை. விற்றால் ஆதாயத்துக்கு 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் உண்டு. ஐந்து லட்சத்துக்கு வாங்கியதை எட்டு லட்சத்துக்கு விற்றால் மூன்று லட்ச ஆதாயத்துக்கு 93,600 ரூபாய் வரி. விற்ற தொகையில் ஒரு சதவீதம், அதாவது 8,000 ரூபாய், முன்னரே டிடிஎஸ் ஆகப் பிடிக்கப்படும்; கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். அதே ஆண்டில் வேறொரு நாணயத்தில் ஒரு லட்சம் நட்டப்பட்டிருந்தாலும் இந்த ஆதாயத்தோடு நேர் செய்ய முடியாது, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. சிறு முதலீட்டாளரை இந்த ஏற்பாடு மிகவும் வருத்துகிறது என்பதே என் கருத்து. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தின்படி பிரிவு எண்கள் மாறினாலும் 30 சதவீதம் மாறவில்லை. அதே நாளிலிருந்து, பரிமாற்றத் தளங்கள் வாடிக்கையாளர்களின் பரிவர்த்தனைகளை வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வருமான வரிக் கணக்கில் அதற்கென உள்ள அட்டவணையில் ஒவ்வொரு விற்பனையையும் காட்டிவிடுங்கள். அண்ணன் அனுப்பும் நன்கொடைக்கும் இதற்கும் தொடர்பில்லை, சேர்த்துக் காட்ட வேண்டியதில்லை.

நீங்கள் பயன்படுத்தும் செயலி நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். 2023 மார்ச் முதல் இத்தகைய தளங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. பதிவு என்பது வைப்புப் பாதுகாப்பு அன்று என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. வாடிக்கையாளர்களின் இருப்பு மாதக்கணக்கில் முடங்கியது. அதையொட்டிய வழக்கொன்றில் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ நாணயம் சொத்துதான், பிறர் பொறுப்பில் நம்பி ஒப்படைக்கப்படக்கூடிய சொத்து என்று கூறியது. உரிமைக்கு வலுவான வாதம் கிடைத்திருக்கிறது. ஆனாலும் தோப்பின் பராமரிப்புக்கு வேண்டிய பணத்தை அதில் வைக்காதீர்கள்.

கூட்டுறவுச் சங்கக் கணக்குக்கு வெளிநாட்டுப் பணம் நேரடியாக வராது. பொதுத்துறை அல்லது தனியார் வணிக வங்கி ஒன்றில் உங்கள் பெயரில் மட்டும் சேமிப்புக் கணக்குத் தொடங்கி, பான் எண்ணை இணைத்து, பெரிய தொகை வரவிருப்பதை மேலாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அண்ணன் ஊரில் இருந்தபோது வைத்திருந்த பழைய சேமிப்புக் கணக்கு எங்கேனும் அப்படியே கிடந்தால், அதில் இந்தப் பணத்தை வாங்க வேண்டாம். வெளிநாட்டில் குடியேறியவர் அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாடுவாழ்வோருக்கான ரூபாய்க் கணக்காக, மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் இருந்தால் இந்த நேரத்திலேயே புதிய கடவுச்சீட்டின் நகலைக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.